ஒரே காக்கா கதை, பல வகை எழுத்து

சிறுகதை என்றால் என்ன, நாடகம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிப் புரியவைக்கப் பார்க்காதீர்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதையை எடுத்து, வடிவத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பாட்டி வடை சுட்ட கதையே போதும்.

முதலில் நாடகம். பேச்சும் செய்கையும் மட்டும்தான். 'காக்கா மனதுக்குள் நினைத்தது' என்று எழுதக் கூடாது. அப்படியானால் நரியின் புகழ்ச்சியில் காக்கா மயங்கியதை எப்படிக் காட்டுவது? பிள்ளை இங்கே திணறும். திணறட்டும், அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்காதீர்கள். கதைக்கும் நாடகத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த இடத்தில்தான் பிடிபடும்.

அடுத்து, அன்றிரவு பாட்டி எழுதும் நாட்குறிப்பு. பாட்டி பார்க்காதது அதில் வர முடியாது. வடை போனது தெரியும், அது நரியிடம் போய்ச் சேர்ந்தது தெரியாதே! அப்புறம் செய்தி: யார், எங்கே, என்ன என்பது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் என்றால் விடுகதையில் தொடங்கலாம். வடை என்ற சொல்லே வராமல் வடையைச் சொல்ல வேண்டும். இது வெறும் விளையாட்டு இல்லை. பாட்டு, உரை முதலான 7 வகைகளை எண்ணும் தொல்காப்பியம், விடுகதையைப் 'பிசி' என்றும் பழமொழியை 'முதுசொல்' என்றும் அவற்றோடு சேர்த்தே வைக்கிறது.

ஒரு நாளைக்கு ஒரு வடிவம் போதும். எழுத அடம்பிடித்தால், சரி, வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.