வீட்டு வெளிச்சுவத்துல மரப்பலகை அடிக்கிறது எப்படி (ஒரு தடவ சொதப்பினவன் சொல்றேன்)

சென்னையில கடலோரம் நீலாங்கரை வீடு, மேக்கு பாத்த சுவர். ஆசாரி பலகைய நேரா சுவத்துலயே வச்சு அடிச்சாரு, நானும் தலையாட்டிட்டேன். ஐப்பசி மழை முடிஞ்சு வெயில் வந்ததும் பலகை எல்லாம் ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குது. ஒண்ண கழட்டி பாத்தா முன்பக்கம் சுக்கா காஞ்சிருக்கு, பின்பக்கம் சொதசொதன்னு கறுப்பு பூஞ்சை. அப்படியே மொத்தத்தையும் பிரிச்சேன்.

1. மரம். தேக்குன்னா வைரம் பாய்ஞ்சதா பாத்து வாங்குங்க, ஓரத்துல வெளுப்பா இருக்கறத கரையான் விடாது. தெர்மோ பைன்னா சுமார் 200 டிகிரி சூட்டுல வாட்டுன மரம், ஊறி விரியறது கம்மி, ஆனா கரையானுக்கு அது பெரிய தடை இல்ல. டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) எனக்கு பிடிக்கல, தொட்டா பிளாஸ்டிக் சேர் மாதிரி இருக்கு. பராமரிக்க நேரமே இல்லன்னா ஃபைபர் சிமெண்ட் பலகை போட்டுட்டு நிம்மதியா இருங்க.

2. ரீப்பர், அதாவது பலகைய தாங்க சுவத்துல மொதல்ல அடிக்கற சட்டம். இங்கதான் நான் விழுந்தேன். சுவருக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு இஞ்ச் காத்து ஓடணும், கீழ நுழைஞ்சு மேல வெளிய போகணும். அதனால பலகை படுக்கையா வந்தா ரீப்பர் நெட்டுக்குத்தா, ஒண்ணர அடிக்கு ஒண்ணு. ரசமட்டம் வச்சு பாத்து, சுவர் பள்ளமா இருக்கற எடத்துல ரீப்பருக்கு பின்னாடி துண்டு வச்சு பேக்கிங் குடுங்க. மேலயும் கீழயும் அடைக்காம எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலை மட்டும் அடிங்க, இல்லன்னா உள்ள குளவி கூடு கட்டும்.

3. ஸ்க்ரூ. இரும்பு வேண்டவே வேண்டாம், தேக்குல கறுப்பா கண்ணீர் வழிஞ்ச மாதிரி கோடு விழும். கடல் பக்கம்னா 316ங்கற ரக எஸ்எஸ்தான். அது மெத்துன்னு இருக்கும், தட்டித்தட்டி முறுக்குற இம்பாக்ட் டிரைவர்ல விட்டா தலை பட்டுனு முறிஞ்சிடும், நான் நாலு முறிச்சிருக்கேன். முன்னாடியே ஓட்ட போட்டுட்டு, கிளட்ச் (இறுகினதும் முறுக்கறத விட்டுடற அமைப்பு) இருக்கற சாதா ட்ரில்லுல மெதுவா விடுங்க.

4. அறுத்த முனை. தண்ணிய ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும். ஒவ்வொரு தடவ அறுத்ததும் கீழ அஞ்சுல சொல்ற ஆயில தடவிட்டுதான் மாட்டணும். தரையிலேருந்து அரை அடி தூக்கி ஆரம்பிங்க.

5. பூச்சு. வார்னிஷ் வேண்டாம், மேக்கு வெயில்ல செதில் செதிலா உரியும், சொரண்டி எடுக்கறதுக்குள்ள தாவு தீந்துடும். மரத்துக்குள்ள ஊறுற ஆயில் வருஷத்துக்கு ஒரு தடவ போதும். சும்மா விட்டா தேக்கு சாம்பல் நிறமாயிடும், மரம் ஒண்ணும் கெடாது, சிலருக்கு அதுதான் பிடிக்குது.

அப்டேட்: நெட்டுக்குத்தா பலகை போட்டா என்ன பண்றதுன்னு கமெண்ட்ல ரெண்டு பேர் கேட்டீங்க. வெறும் படுக்கை ரீப்பர் போட்டா அதுவே காத்த மறிச்சு தண்ணிய தேக்கிடும். மொதல்ல நெட்டுக்கு ஒரு வரிச ரீப்பர், அதுமேல படுக்கைக்கு ஒண்ணு, ரெண்டடுக்கா போடுங்க. ரீப்பரே ரெண்டு இஞ்ச் வரும், பலகை தடிப்பு வேற, ஜன்னல் ஃபிரேம் உள்ள போயிடும், அத மொதல்லயே கணக்குல வச்சுக்குங்க.