எம்எல்ஏகிட்ட மனு குடுக்கப் போறீங்களா?

தமிழ்நாட்ல ஒவ்வொரு எம்எல்ஏவுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி, ஆனா காசு அவர் கைக்கு வராது, அவர் பரிந்துரைப்பார், கலெக்டர்தான் அனுமதி குடுக்கணும். அதனால "ரோடு சரியில்ல"ன்னு மொட்டையா எழுதாம எந்தத் தெரு, எந்த வார்டு, எங்கருந்து எதுவரைக்கும், எடம் பஞ்சாயத்தோடதா புறம்போக்கான்னு போட்டு, போட்டோ, தெருக்காரங்க கையெழுத்தோட குடுங்க. சொந்த வீட்டுக்கு போர் போட்டுத்தாங்கன்னு கேக்காதீங்க (கேக்குறாங்க!). ஒரு காப்பில தேதியோட சீல் வாங்கிக்கங்க, அப்புறம் ஃபாலோ பண்றதெல்லாம் பிஏகிட்டதான்.

பாலம், காலேஜ் மாதிரி பெரிய விஷயம்னா இந்த நிதி பத்தாது, பட்ஜெட்டுக்கப்புறம் சட்டசபைல துறைவாரியா மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு ஒப்புதல் கேக்குறது) வரும்ல, அதுக்கு முன்னாடியே போய் சொல்லுங்க, எம்எல்ஏ அத சபைல கேள்வியா கேட்டா அமைச்சர் பதில் அவைக்குறிப்புல ஏறிடும், அடுத்த தடவ அதையே காட்டிக் கேக்கலாம்.