சித்தி, அண்ணி, சம்பந்தி: ஆங்கிலோ-சாக்சன், ஃபிராங்க் அரச வம்சாவளியை நீங்களே வரையலாம்

இங்கிலாந்தின் பழைய ராஜாக்களைப் பற்றிப் படிக்க ஆரம்பிக்கிற எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். ஏதெல்வுல்ஃப், ஏதெல்பால்டு, ஏதெல்பர்ட், ஏதெல்ரெட் என்று வரிசையாக வந்தால் யார் அப்பா, யார் பிள்ளை, யார் தம்பி? சரி, கடலைத் தாண்டி, இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதிகளை ஆண்ட ஃபிராங்க் அரசர்கள் பக்கம் போகலாம் என்றால் அங்கே எல்லோரும் சார்லஸ், லூயி, பெப்பின். மனப்பாடம் செய்வதெல்லாம் வீண் வேலை, பேசாமல் வரைந்துவிட வேண்டும். ஆல்ஃபிரட் மன்னரில் தொடங்கி, 1066ல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமின் மனைவி மட்டில்டாவில் முடிகிற ஒரு மரத்தைப் படிப்படியாகப் போடுவோம். ஏறக்குறைய இருநூறு வருஷக் கதை.

வேண்டியது ஒரு சார்ட் பேப்பர், பென்சில், ரப்பர், இரண்டு நிறப் பேனா, அவ்வளவுதான். கிராம்ப்ஸ் போல இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் முதல் மரத்தைக் கையால் போடுங்கள் என்றே சொல்வேன். மென்பொருள் நூறு சதவீதம் உறுதியான உறவையும் எவரோ கட்டிவிட்ட உறவையும் ஒரே மாதிரிக் கோடாகத்தான் காட்டும், இந்த விஷயத்தில் அதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை.

படி 1: கோடுகளை முடிவு செய்யுங்கள்

மூன்று வகைக் கோடு போதும். அந்தக் காலத்து ஆளே, அல்லது அந்தக் குடும்பத்தை நன்றாக அறிந்த ஒருவர், எழுதிவைத்த உறவுக்குத் தொடர்கோடு. பல தலைமுறை கழித்து எழுதப்பட்டது, ஆனால் நம்பலாம் போலிருக்கிறது என்றால் புள்ளிக்கோடு. கட்டுக்கதை என்று தெரிந்தால் கோட்டின் மேல் ஒரு பெருக்கல் குறி.

அப்புறம் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இறந்த வருஷத்தை எழுதுங்கள். பிறந்த வருஷம் பெரும்பாலும் ஊகம்தான், ராஜா செத்த வருஷத்தைத்தான் மடத்துத் துறவிகள் குறித்துவைப்பார்கள். ஒரே பெயரில் நாலு பேர் வரும்போது உங்களைக் காப்பாற்றப்போவதும் அதுதான்.

படி 2: ஜூடித்தை நடுவில் வையுங்கள்

பலரும் மேலே ஃபிராங்க் பேரரசர் சார்லமேனில் தொடங்கிக் கீழே இறங்குவார்கள், அல்லது ஆல்ஃபிரட்டில் தொடங்கி மேலே ஏறுவார்கள். இரண்டுமே வேண்டாம். தாளின் நடுவில் ஜூடித் என்று எழுதுங்கள். இரண்டு குலமும் வந்து முட்டுகிற இடம் அந்தப் பெண்தான்.

ஜூடித்தின் அப்பா, வழுக்கை சார்லஸ் என்று பட்டப்பெயர் பெற்ற மேற்கு ஃபிராங்க் அரசர் (இறப்பு 877, சுருக்கமாக இ. 877). அவருடைய அப்பா பக்திமான் லூயி (இ. 840), அவருடைய அப்பா சார்லமேன் (இ. 814). மூன்றும் தொடர்கோடு, சிவப்பு நிறம்.

855ல் தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டு அரசர் ஏதெல்வுல்ஃப் தன் கடைக்குட்டி ஆல்ஃபிரட்டைக் கூட்டிக்கொண்டு ரோமுக்குப் போனார். திரும்பும் வழியில் வழுக்கை சார்லஸின் அரசவையில் தங்கினார், 856 அக்டோபர் 1 அன்று வெர்பெரி என்ற ஊரில் அவருடைய மகளையே கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள், பெண்ணுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கலாம். ரேம்ஸ் நகரப் பேராயர் ஹிங்மார் அவருக்கு முடிசூட்டி ராணி ஆக்கினார். அரசன் மனைவியை ராணி என்று அழைக்கும் வழக்கமே அப்போது வெசெக்ஸில் கிடையாது.

ஏதெல்வுல்ஃப் 858ல் இறந்தார். அந்த வருஷமே அவருடைய மகன் ஏதெல்பால்டு, அதாவது ஜூடித்துக்கு மகன் முறை ஆகிறவர், ஜூடித்தை மணந்தார். ஆல்ஃபிரட்டின் வரலாற்றை எழுதிய ஆஸ்ஸர் பாதிரியார் இதைப் பெரிய அசிங்கம் என்று திட்டித் தீர்க்கிறார். 860ல் ஏதெல்பால்டும் போய்ச் சேர, ஜூடித் தன் சொத்துகளை விற்றுவிட்டு அப்பா வீட்டுக்குத் திரும்பினார். சென்லிஸ் நகரில் காவலில் வைத்தார்கள். அங்கிருந்து பால்ட்வின் என்ற பிரபுவோடு ஓடிப்போய்விட்டார், சொந்தத் தம்பி லூயியின் சம்மதத்தோடு! இந்தச் செய்தியை ஆண்டுக் குறிப்பில் எழுதிவைத்தவர் யார் தெரியுமா? முடிசூட்டிய அதே ஹிங்மார். கடைசியில் போப் முதலாம் நிக்கோலஸ் பரிந்து பேசி, 863ல் கல்யாணம் முறைப்படி நடந்தது. ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) பிரபுக்களின் குலம் இவர்களிடமிருந்துதான் கிளம்புகிறது.

ஆக, ஜூடித்திலிருந்து மூன்று கல்யாணக் கோடு. மூன்றுமே தொடர்கோடுதான்.

படி 3: அரசர் பட்டியலை மரம் என்று நினைக்காதீர்கள்

வெசெக்ஸ் அரியணையில் 858–860 ஏதெல்பால்டு, 860–865 ஏதெல்பர்ட், 865–871 ஏதெல்ரெட், 871–899 ஆல்ஃபிரட். பட்டியலைப் பார்த்தால் நான்கு தலைமுறை போலத் தெரியும். நால்வரும் அண்ணன் தம்பிகள்! ஒருவருக்குப் பின் ஒருவராக ஆண்டார்கள், தாளில் நால்வரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். பச்சை நிறத்தில் எழுதுங்கள். இந்தத் தவறு உள்ள மரங்கள் இணையத்தில் ஏராளம்.

படி 4: பிள்ளையைத் தாயோடு சேருங்கள்

ஆல்ஃபிரட் ஜூடித்தின் பிள்ளை அல்ல, ஏதெல்வுல்ஃபின் முதல் மனைவி ஆஸ்பர்காவின் பிள்ளை. எனவே கோடு ஆஸ்பர்காவிலிருந்து வர வேண்டும். ஃபிராங்க் பக்கத்திலும் இதே கதைதான். பக்திமான் லூயிக்கு எர்மென்கார்டு மூலம் மூன்று மகன்கள், இரண்டாம் மனைவி மூலம் வழுக்கை சார்லஸ். மாற்றாந்தாய் மகனுக்குப் பங்கு கொடுப்பதில் மூண்ட சண்டை, 843ல் வெர்டுன் ஒப்பந்தத்தில் பேரரசே மூன்றாகப் பிரியும்வரை ஓடியது. அந்த இரண்டாம் மனைவியின் பெயரும் ஜூடித், நம் ஜூடித்தின் பாட்டி. நான் இறந்த வருஷம், இறந்த வருஷம் என்று அரற்றுவது இதற்காகத்தான்.

படி 5: கீழே இறங்குங்கள்

ஜூடித், பால்ட்வின் தம்பதியின் மகன் இரண்டாம் பால்ட்வின் (இ. 918). அவர் மணந்தது ஆல்ஃபிரட்டின் மகள் எல்ஃப்த்ரித்தை (இ. 929). இப்போது தாளைப் பாருங்கள். ஆல்ஃபிரட்டின் ஏழு வயதில் அவருக்குச் சித்தியாக வந்த ஜூடித், இரண்டு வருஷத்தில் அண்ணி ஆனார், கடைசியில் சம்பந்தி முறைக்கே வந்துவிட்டார். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி தேவைப்படும்.

இந்தக் கல்யாணத்துக்கு என்ன சாட்சி? பத்தாம் நூற்றாண்டில் ஏதெல்வேர்டு என்றொரு ஆங்கிலப் பிரபு இருந்தார், ஆல்ஃபிரட்டின் அண்ணன் ஏதெல்ரெட்டின் வழி வந்தவர். ஜெர்மனியில் எஸ்ஸன் மடத்தின் தலைவியாக இருந்த மட்டில்டா (இவர் வேறு மட்டில்டா) ஆல்ஃபிரட்டின் வழி வந்தவர். சொந்தக்காரியான அவருக்காக லத்தீனில் ஒரு வரலாறு எழுதி அனுப்பினார் ஏதெல்வேர்டு. அதன் முன்னுரையில் குடும்பத்துப் பெண்கள் யார் யாருக்கு வாழ்க்கைப்பட்டார்கள் என்று சொல்லிவருகிறார். ஆல்ப்ஸ் மலைப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றி மட்டும், 'எங்களுக்குச் சேதி இல்லை, பக்கத்தில் இருக்கிற நீங்கள்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும்' என்கிற தோரணையில் கேட்கிறார். வம்சாவளி தேடுகிறவர்கள் இன்றைக்கும் அத்தைமாருக்குப் போன் போட்டுச் செய்வது இதைத்தான்.

எல்ஃப்த்ரித்தின் பிள்ளைகள் பெயரையும் அவர் தருகிறார்: ஏதெல்வுல்ஃப், ஆர்னுல்ஃப், ஏல்ஸ்வித், எர்மென்ட்ரூட். நிதானமாகப் பாருங்கள். ஏதெல்வுல்ஃப் என்பது ஆல்ஃபிரட்டின் அப்பா பெயர். ஏல்ஸ்வித் ஆல்ஃபிரட்டின் மனைவி பெயர். எர்மென்ட்ரூட் ஜூடித்தின் அம்மா பெயர். ஆர்னுல்ஃப், சார்லமேன் குலம் தன் மூதாதை என்று கொண்டாடிய மெட்ஸ் நகர ஆயரின் பெயர். நாலு பிள்ளைகளின் பெயரிலேயே இரண்டு குலமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எந்த உறவில் சந்தேகம் வந்தாலும் முதலில் பேரப்பிள்ளைகள் பெயரைப் பாருங்கள். அதுவே முழுச் சாட்சி ஆகிவிடாது, ஆனால் நல்ல துப்பு.

மிச்சம் வேகமாகப் போய்விடும். முதலாம் ஆர்னுல்ஃப் (இ. 965), மூன்றாம் பால்ட்வின் (இ. 962, அப்பாவுக்கு முன்பே இறந்தவர்), இரண்டாம் ஆர்னுல்ஃப், நான்காம் பால்ட்வின் (இ. 1035), ஐந்தாம் பால்ட்வின் (இ. 1067), அவர் மகள் மட்டில்டா (இ. 1083), வில்லியமின் மனைவி. மட்டில்டாவின் மகன் முதலாம் ஹென்றி 1100ல் ஸ்காட்லாந்து இளவரசியைக் கட்டியபோதுதான் பழைய வெசெக்ஸ் ரத்தம் இங்கிலாந்து அரச குடும்பத்துக்குத் திரும்பியது என்று பல இடங்களில் எழுதுவார்கள். உங்கள் தாளைக் காட்டுங்கள், ஹென்றியின் அம்மாவே ஆல்ஃபிரட் வழிதான்.

படி 6: மேலே ஏறுங்கள், ஆனால் நிற்கத் தெரிய வேண்டும்

ஆல்ஃபிரட்டின் தாத்தா எக்பர்ட் (இ. 839) வரை தொடர்கோடு. அதற்கு மேலே, ஐனி என்ற பழைய அரசரின் சகோதரர் இங்கில்டு வழியாகக் குலத்தைத் தொடங்கிய செர்டிக் வரை போகிறது பட்டியல். புள்ளிக்கோடு போடுங்கள். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்பு அதோடு விடுவதில்லை. செர்டிக்குக்கு மேலே வோடன் கடவுள், அதற்கும் மேலே நோவாவின் பேழையில் பிறந்த ஒரு மகன், கடைசியில் ஆதாம்! பெரும்பாலான ஆங்கில அரச குலங்கள் வோடனைத்தான் பிடித்துக்கொண்டன. கிறிஸ்தவத் துறவிகள் பழைய கடவுளை மூதாதையாக்கி பைபிளோடு ஒட்டியிருக்கிறார்கள், வேலை சுத்தம். செர்டிக்குக்கு மேலே தாராளமாகப் பெருக்கல் குறி போடுங்கள்.

ஃபிராங்க் பக்கம் சார்லமேன், பெப்பின் (இ. 768), சார்லஸ் மார்டெல் (இ. 741), இன்னொரு பெப்பின் (இ. 714) வரை தொடர்கோடு. ஆயர் ஆர்னுல்ஃபோடு சேர்ப்பதற்குப் புள்ளிக்கோடு, அவர் இறந்து 140 வருஷம் போல ஆன பிறகுதான் அந்த உறவு எழுத்தில் வருகிறது. அதற்கும் மேலே பிளித்தில்டு என்ற இளவரசியைச் செருகி, முந்தைய மெரொவிங்கிய அரச குலத்தோடு கட்டும் பட்டியல் ஒன்று உண்டு. அது ஜோடிப்பு. 751ல் மெரொவிங்கியரை இறக்கிவிட்டு அரியணை ஏறிய குடும்பத்துக்கு அப்படி ஒரு பாட்டி தேவைப்பட்டிருக்கிறது. சார்லமேன் 778ல் பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு லூயி, லோதர் என்று பழைய மெரொவிங்கிய அரசர்களின் பெயரையே வைத்ததும் இதே கணக்குதான். படி 5ல் பெயரை நம்பச் சொன்னேன், இங்கே அதே பெயர் ஏமாற்றுகிறது பாருங்கள்.

படி 7: நீங்களே ஒன்று போடுங்கள்

ஆல்ஃபிரட்டின் மகன் எட்வர்ட். எட்வர்டின் மகள் எட்கிஃபு. அவர் கணவர் எளிய சார்லஸ் எனப்படும் ஃபிராங்க் அரசர், அதாவது ஜூடித்தின் தம்பி லூயியின் மகன். இவர்களுடைய பிள்ளை நான்காம் லூயி. 923ல் அப்பா சிறைப்பட்டதும் அம்மா இவரை இங்கிலாந்துக்குத் தூக்கிவந்துவிட்டார். தாய்மாமா ஏதெல்ஸ்டன் அரசவையில் வளர்ந்து, 936ல் திரும்பிப்போய் அரசர் ஆனார். இந்த நான்காம் லூயிக்கும் ஃபிளாண்டர்ஸ் முதலாம் ஆர்னுல்ஃபுக்கும் என்ன உறவு என்று உங்கள் தாளிலேயே கண்டுபிடியுங்கள். எட்கிஃபு ஆர்னுல்ஃபுக்கு மாமன் மகள் என்று ஒரு வழி கிடைக்கும். எளிய சார்லஸ் ஆர்னுல்ஃபின் அப்பாவுக்கு மாமன் மகன் என்று இன்னொரு வழியும் கிடைக்க வேண்டும். ஒரு வழிதான் கிடைக்கிறது என்றால் எங்கோ ஒரு பெண்ணின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.