மனநல கிளினிக் ரேட் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நிதி அதிகாரி ஒருவர் தன் கிளினிக்கின் செலவறிக்கையை லேப்டாப்பில் திறந்து காட்டினார். ‘விசிட்’ என்ற தலைப்புக்குக் கீழே இருந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் முதல் அறிக்கையில் நான் செய்த அதே தப்பு.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் சமூக மனநல, போதை மீட்பு மையங்களுக்கு மாநிலங்கள் மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வழியாகக் கொடுக்கும் பணம் நெடுங்காலம் சேவைவாரியாகவே இருந்தது. 15 நிமிடக் கவுன்சிலிங்குக்கு இவ்வளவு, ஓர் ஊசிக்கு இவ்வளவு. கூப்பிட்டால் ஓடுவதற்காக இரவெல்லாம் காத்திருக்கும் நெருக்கடிக் குழுவின் சம்பளத்துக்கு யாரிடம் பில் போடுவது? 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு வேறு வழி காட்டியது. சிசிபிஎச்சி (CCBHC, சான்றளிக்கப்பட்ட சமூக மனநல கிளினிக்) என்ற சான்று பெற்ற கிளினிக் 9 வகைச் சேவைகளைத் தர வேண்டும். பதிலுக்கு, அதன் மொத்தச் செலவை மொத்த விசிட்டுகளால் வகுத்து வரும் ரேட், மெடிகெய்டு நோயாளியின் ஒவ்வொரு விசிட்டுக்கும் அதற்குக் கிடைக்கும். 2017-இல் மிசௌரி, மினசோட்டா, ஓக்லஹோமா உட்பட 8 மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கியது. 2024-இல் கான்சஸ், அயோவா, மெய்ன் என்று இன்னும் 10 மாநிலங்கள் சேர்ந்தன. அதனால்தான் வகுப்பில் இத்தனை புதுமுகங்கள்.

கூட்டல் பிழை, தேதி தவறுவது பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

சேவையை விசிட் என்று எண்ணுவது

தினசரி ரேட் முறையில் விசிட் என்றால் ஓர் ஆள், ஒரு நாள். அவ்வளவுதான். காலையில் சிகிச்சையாளர், பதினொரு மணிக்கு நர்ஸ், மதியம் வீட்டு வாடகைப் படிவம் நிரப்ப உதவும் கேஸ் மேனேஜர் என்று ஒருவர் மூன்று பேரைப் பார்த்துவிட்டுப் போனாலும் ரேட் ஒரு முறைதான் வரும். அப்படியென்றால் வகுக்கும் எண்ணிலும் அவர் ஒரு முறைதான் வர வேண்டும்.

ஆனால் பில்லிங் மென்பொருளுக்கு இது தெரியாது. அது பழைய சேவைவாரி முறைக்காகச் செய்தது. ரிப்போர்ட் கேட்டால் மூன்று வரி கொடுக்கும். நான் அந்த மொத்தத்தை அப்படியே எடுத்து ஒட்டினேன்.

கணக்கைப் பாருங்கள். உதாரணத்துக்கு, வருடச் செலவு 90 லட்சம் டாலர், உண்மையான விசிட் 30,000 என்றால் ரேட் 300 டாலர். சேவைகளை எண்ணி 45,000 என்று போட்டால் ரேட் 200. விசிட்டுகளில் பாதி மெடிகெய்டு என்று வைத்தாலும், 15,000 விசிட்டுக்குத் தலா 100 டாலர், ஆக 15 லட்சம் டாலர் ஒரே வருடத்தில் போச்சு. இது முன்கூட்டியே நிர்ணயித்த ரேட். வருடக் கடைசியில் ரசீதைக் காட்டி மீதியைக் கேட்க முடியாது. மறுகணக்கு வரும்வரை விலைவாசிக்கு ஏற்ற சிறு உயர்வோடு அதே ரேட்டை இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

எங்கள் ரேட் வந்தபோது அது குறைவு என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பழைய முறையைவிட அதிகமாக இருந்ததால் இயக்குநர் கேக் வெட்டினார். நாலு மாதம் கழித்துத்தான், வரவு ஏன் சம்பளத்துக்கே எட்டவில்லை என்று தோண்டினேன். அந்த வருடம் இரவுக் குழுவுக்கு ஆள் எடுக்கவில்லை. கேக்கை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

நோயாளி எண்ணையும் தேதியையும் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். ஒரே ஜோடி இரண்டு தரம் வந்தால் ஒன்றை வையுங்கள். வராமல் போனவர்களை எடுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் உங்களுக்காகச் சேவை தரும் கூட்டு நிறுவனத்தின் வருகைகளையும் அதே பட்டியலில் போட்டு, அப்புறம் நீக்குங்கள். காலையில் உங்களிடமும் மாலையில் அவர்களிடமும் போனவர் ஒருவரே. அந்த நிதி அதிகாரி இதைச் செய்தபோது எண் பாதிக்குக் கிட்டே இறங்கியது. “மாநிலம் நம்புமாங்க?” என்று பயந்தார். பட்டியலையும் கூடவே அனுப்பச் சொன்னேன்.

எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைத்து ரேட்டை ஏற்றலாமே என்று ஒருவர் கேட்டார். மறுகணக்கில் அது விழும். அதை நம்பி எடுத்த ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும்.

காலி இடங்களுக்குச் செலவே இல்லை என்று போடுவது

மனநல மருத்துவர் கிடைக்காமல் போன வருடம் முழுக்க நாற்காலி காலி. அதனால் செலவும் குறைவு. அந்தச் செலவை மட்டும் வைத்துப் போட்ட ரேட், அந்த நாற்காலியை என்றைக்கும் காலியாகவே வைத்திருக்கும். சான்று பெறப் புதிதாக எடுக்க வேண்டிய ஆட்களின் எதிர்பார்ப்புச் செலவைச் சேர்க்க விதியில் இடமிருக்கிறது. உங்கள் ஊரில் இன்றைக்கு என்ன கொடுத்தால் ஆள் வருமோ, அந்தச் சம்பளத்தைப் போடுங்கள்.

போன் பேசும் நேரத்தை விட்டுவிடுவது

அது விசிட் எண்ணிக்கையில் சேராவிட்டாலும் செலவுதான். மொத்தச் செலவில் எழுதுங்கள்.

எல்லா விசிட்டுக்கும் பணம் வரும் என்று நினைப்பது

பணம் இல்லாதவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது விதி. அவர் வருகையும் வகுக்கும் எண்ணில் சேரும். அவருக்காக மெடிகெய்டு காசு தராது.

மாத ரேட்டில் விசிட்டை எண்ணுவது

நியூ ஜெர்சியும் ஓக்லஹோமாவும் தொடக்கத்தில் மாத ரேட்டைத் தேர்ந்தன. அங்கே ஒருவர் ஒரே மாதத்தில் 8 தரம் வந்தாலும் ரேட் ஒரு முறைதான், வகுக்கும் எண்ணிலும் அவர் ஒன்றுதான்.

காப்பீட்டு நிறுவனம் உடனே கொடுத்துவிடும் என்று நம்புவது

மெடிகெய்டு பணம் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக வரும் மாநிலங்கள் சிலவற்றில், முதலில் பழைய ரேட் வரும். மீதி வித்தியாசம் அப்புறம். எங்களுக்கு அந்த ‘அப்புறம்’ ஆறு மாதம் ஆனது.