ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவமா? சறுக்கும் இடங்கள் இவை

"அங்கே நர்ஸ்தானே பிரசவம் பார்ப்பார்?" இந்த ஒரு கேள்வியிலேயே பல வீடுகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். சிக்கல் இல்லாத சுகப்பிரசவம் பயிற்சி பெற்ற செவிலியருக்கு அன்றாட வேலை. அதற்காகக் கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. மூத்த பிள்ளை அங்கேதான் பிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு போவது. முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை, உயர் ரத்த அழுத்தம், 7 கிராமுக்குக் கீழே போன ஹீமோகுளோபின், தலை கீழே திரும்பாத குழந்தை என எது இருந்தாலும் சீமாங் மையம் (தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் அவசர சிகிச்சை தரும் பிரிவு) உள்ள அரசு மருத்துவமனைக்கே போக வேண்டும். அறுவை சிகிச்சைக்கும் ரத்தம் ஏற்றவும் இரவு பகலாக வசதி இருப்பது அங்கேதான்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தாய்வீட்டுப் பயணம். வளைகாப்பு முடிந்து கிளம்பும் பெண்ணோடு பலகாரமும் புடவையும் போகும். ஸ்கேன் அறிக்கை கணவர் வீட்டுப் பீரோவில் தங்கிவிடும். ஏழு மாதம் அவளைப் பார்த்த கிராம சுகாதார செவிலியர் ஓர் ஊரில், பிரசவம் வேறோர் ஊரில். வலி எடுத்த நள்ளிரவில், முன்பின் பார்த்திராத செவிலியரிடம் ரத்த வகையைக்கூடச் சொல்லத் தெரியாமல் நிற்பார்கள். தாய்வீட்டுக்குப் போன வாரத்திலேயே அந்த ஊர்ச் செவிலியரைப் பார்த்து, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணையும் தாய்சேய் நல அட்டையையும் காட்டிவிடுங்கள். அந்த எண்ணுக்காக 12 வாரத்துக்குள் பதிவு செய்யாமல் விட்டு, கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்குப் பின்னால் அலைபவர்களும் இருக்கிறார்கள்.

பிரசவத்தின் நடுவே "மேல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்" என்று செவிலியர் சொன்னால், தட்டிக்கழிப்பதாக நினைத்து மல்லுக்கு நிற்காதீர்கள். பிரசவத்துக்குப் பின் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலே ஆபத்து. அப்போது ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. மாமாவின் கார் வரட்டும், ராகுகாலம் கழியட்டும் என்று காத்திராமல் 108 வண்டியில் ஏறுங்கள்.

காலையில் குழந்தை பிறந்தால் மாலையிலேயே வீட்டுக்குக் கிளம்புவதும் தவறு. 48 மணி நேரமாவது தாயும் சேயும் அங்கேயே இருக்க வேண்டும். வீட்டில் கொண்டுவிட இலவச வண்டி உண்டு; ஆட்டோ பேசும் முன் செவிலியரிடம் கேளுங்கள்.