பழைய டர்போ கார் பெட்ரோலைக் குடித்தால் எங்கிருந்து தேடுவது

என் கார் 17 வயதான 2 லிட்டர் பெட்ரோல் டர்போ. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஒரே பருவத்தில் 9க்கு இறங்கியது. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து கணினிக்குச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சார்தான் காரணம் என்று ஒரு மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் 9தான். அப்போதுதான் ஒன்றை உறுதிசெய்துகொண்டேன்: எதையும் அளந்து பார்க்காமல் ஒரு பாகத்தையும் வாங்குவதில்லை.

முதலில் மைலேஜையே ஒழுங்காக அளவிடுங்கள். டாஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். டேங்கை நிரப்பும்போது பம்ப் தானாக நின்ற இடத்தோடு நிறுத்துங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, அதே பம்பில் அதே முறையில் மறுபடியும் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால்தான் அது எண். இடையில் டயரின் அளவை மாற்றியிருந்தால் காரின் தூரக் கணக்கே பிசகும். தினமும் ஐந்து நிமிடப் பயணம் மட்டும் என்றால் என்ஜின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும். அங்கே பழுது எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

டயர்களின் காற்றழுத்தத்தைப் பாருங்கள். பிறகு பிரேக். சமதளச் சாலையில் சிறிது தூரம் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் காரைத் தானாக மெதுவாக நிற்கவிடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் தகித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடாகும்வரை குளிர்விக்கும் நீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வு. சோதிப்பதற்கு இவ்வளவு எளிதான ஒன்றை ஏன் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் என்ஜின் தன் முழு வெப்பத்தை எட்டாது. இன்னும் குளிராக இருக்கிறது என்று என்ஜினை இயக்கும் கணினி நினைத்துக் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பல கார்களில் வெப்பமானியின் ஊசி சிறிய மாற்றங்களைக் காட்டாது. அதனால் காரின் கணினியோடு இணைத்து அதன் எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் கூலன்ட் (குளிர்விக்கும் நீர்) வெப்பநிலையைப் பாருங்கள். பெரும்பாலான என்ஜின்கள் சூடான பின் 85 முதல் 100 டிகிரிக்குள் நிற்கும். என் காரில் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடிய பிறகும் 71. ஸ்கேனர் இல்லையென்றால், ஆறிய என்ஜினை இயக்கி ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வெகுநேரம் குளிர்ந்திருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் மூடவில்லை.

தெர்மோஸ்டாட்டை மாற்றியதும் 10.5 வந்தது. மீதி எங்கே போகிறது என்பதற்கு ஃபியூயல் ட்ரிம் தேவைப்பட்டது. கணினி தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே அது. என்ஜின் ஓடியபடி கார் சும்மா நிற்கும்போதும், நிமிடத்துக்கு 2,500 சுற்றிலும், சீரான ஓட்டத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டலோ கழித்தலோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை, 10ஐத் தாண்டினால் தேட வேண்டும். பெரிய கழித்தல் என்றால் எங்கிருந்தோ வேண்டாத பெட்ரோல் வருகிறது. பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரில் வேக்யூம் குழாய் இருந்தால் அதைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்துவிட்டது. ஒழுகும் இன்ஜெக்டரும் (பெட்ரோலைத் தெளிக்கும் முனை) இதே எண்ணைத்தான் காட்டும். நிற்கும்போது பெரிய கூட்டல், சுற்று ஏறியதும் குறைகிறது என்றால் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ வெளிக்காற்று நுழைகிறது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ட்ரிம்மோடு ஒப்பிடுங்கள். ட்ரிம் கூட்டல் காட்டுகிறது, பிளக்கோ கரி படிந்து கறுத்திருக்கிறது என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். பெட்ரோல் உண்மையில் அதிகமாகவே எரிகிறது, ஆனால் போதவில்லை என்று சென்சார் சொல்கிறது. அப்போதுதான் ஆக்ஸிஜன் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் முன்னால் புகைக்குழாயின் இணைப்புகளைப் பாருங்கள். சென்சாருக்கு முன் உள்ள விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால், நல்ல சென்சாரும் தவறாகத்தான் சொல்லும்.

என் காரில் ட்ரிம் எல்லா நிலையிலும் ஒழுங்காக இருந்தது. பிளக் மட்டும் கறுப்பு. மேட்டில் ஏறும்போது பின்னால் கரும்புகை. இது டர்போ காருக்கே உரிய அடையாளம். காற்றளவு சென்சார் காற்றை அளந்துவிடுகிறது, டர்போ அதை அழுத்துகிறது, வழியில் ஒரு குழாயில் கொஞ்சம் கசிந்துவிடுகிறது. என்ஜினுக்கு வராத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. பழைய கார்கள் பலவற்றில் முழு அழுத்தத்தின்போது ட்ரிம் திருத்தம் வேலை செய்யாது, அதனால் எண்ணிலும் தெரியாது. காற்றளவு சென்சாருக்குப் பதிலாக மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) அழுத்தத்தை வைத்தே கணக்கிடும் கார்களில் இந்தக் கரும்புகை வராது; டர்போதான் வீணாகக் கூடுதலாக உழைக்கும்.

என்ஜின் ஆறியிருக்கும்போது, அதை இயக்காமல், டர்போவின் நுழைவாயில் குழாயைக் கழற்றுங்கள். அதற்குப் பொருந்தும் பிவிசி மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, வாயை இறுக அடைத்து, கால் பம்பால் காற்றை ஏற்றுங்கள். 5 பிஎஸ்ஐ (டயர் காற்றுக்குச் சொல்லும் அதே அழுத்த அலகு) அளவில் தொடங்குங்கள், 10 போதும். அவசரப்பட்டு ஏற்றினால் சீல்கள் பிதுங்கும். வால்வுகள் வழியாக அழுத்தம் மெல்ல இறங்குவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சீறும் ஓசைக்குக் காதைக் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். த்ராட்டில் மூடும்போது டர்போவின் மிகுதி அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வையும் விடாதீர்கள், அதன் சவ்வு கிழிவது சகஜம். எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டிய தடம் எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் பாருங்கள். என் காரில், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கீழ்க்குழாயில், அடிப்பக்கத்தில், விரல் நீள வெடிப்பு. கையால் தடவினால் தெரியவில்லை, அழுத்தம் ஏறியதும் வாய் பிளந்து நுரைத்தது.

குழாயை மாற்றிய பின் முதல் டேங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். கணினி பழைய திருத்தங்களை மறந்து புதிதாகக் கற்கச் சில நாட்கள் ஆகும். எனக்கு முதல் டேங்கில் 11.1, மூன்றாவதில் 11.9.