பள்ளியில் நடக்கும் வாசிப்பு, கணக்கு மதிப்பீடு: பெற்றோருக்குப் படிப்படியாக

பள்ளிக்கூடம் திறந்து பாடங்கள் சூடு பிடிப்பதற்குள், ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாக அருகில் அழைத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வார். சில கணக்குகளைப் போடச் சொல்வார். தனியார் பள்ளிகளில் இதை ஸ்கிரீனிங் டெஸ்ட் என்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கீழ் இது நடக்கிறது. 2022-23 கல்வியாண்டில் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்குத் தொடங்கிய அந்தத் திட்டம், அடுத்த ஆண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. நம் திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டையின் பெரிய பள்ளியானாலும், மானூர்ப் பக்கத்துச் சின்னப் பள்ளியானாலும் நோக்கம் ஒன்றுதான்: எந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் கை கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே அறிவது.

ஆனால் முடிவைக் கேட்டதும் பல வீடுகளில் பிள்ளைக்குத் திட்டும் அடியும்தான் விழுகின்றன. அது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: இது பரீட்சை அல்ல என்று முதலில் மனதில் இருத்துங்கள்

இதில் ரேங்க் இல்லை, பாஸ், ஃபெயில் இல்லை. இதை வைத்து யாரையும் அதே வகுப்பில் உட்கார வைப்பதும் இல்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துச் சொல்வது, பிள்ளை இன்று நிற்கும் படியை மட்டுமே. அரும்பில் இருக்கும் பிள்ளை மொட்டுக்கும் மலருக்கும் போக முடியும். அப்படிப் போக வைக்கத்தான் இந்தப் பிரிவே.

சில நிமிடங்களில் முடிகிற சோதனை என்பதால் தவறான முடிவும் வரலாம். காய்ச்சல் விட்ட மறுநாளோ, ஊர்க் கோயில் கொடை விழாவில் இரவெல்லாம் விழித்துவிட்டு வந்த நாளிலோ பிள்ளை தடுமாறத்தான் செய்யும். அப்படியென்றால் இன்னொரு நாள் வாசிக்க வைத்துப் பார்க்கும்படி தயங்காமல் கேளுங்கள்.

படி 2: மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தாளைப் பாருங்கள்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பத்துக்கு நான்கு என்ற எண் உங்களுக்கு எதையும் சொல்லாது. பிழைதான் சொல்லும்.

52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5இல் 2 போக 3. அது சரி என்று நினைத்திருக்கிறது. ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால் திருப்பிப் போட்டு, 7இல் 2 போக 5 என்று எழுதிவிட்டது. இந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும்; பத்தை உடைத்துக் கடன் வாங்கத்தான் தெரியவில்லை. தென்னை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, 27 ஈர்க்குகளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். உதிரி போதாமல் பிள்ளை தானே ஒரு கட்டை அவிழ்க்கும். அந்த இடத்தில் பாடம் விளங்கிவிடும். நூற்றைந்தை 1005 என்று எழுதும் பிள்ளைக்கும் இதே போல இடமதிப்பில்தான் சிக்கல். வாய்பாட்டை ஒப்பிக்க வைத்து அதைத் தீர்க்க முடியாது.

வாசிப்பிலும் அப்படித்தான். 'மரம்' என்பதை 'மலர்' என்று சொன்னால், முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறது என்று பொருள். கெ, கே, கொ, கோ கலந்து போனால் குறில் நெடில் குறிகளில் பயிற்சி வேண்டும். ஆனால் 'கோழி'யைக் 'கோளி' என்று வாசிப்பது நம் பக்கத்துப் பேச்சு வழக்கு. எழுத்தை அடையாளம் கண்ட பிள்ளைக்கு உச்சரிப்பைத் திருத்திக் கொடுக்கலாம். வாசிக்கத் தெரியவில்லை என்று குறிப்பது நியாயமே அல்ல.

படி 3: வீட்டில் நீங்களே பாருங்கள்

பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005இல் தொடங்கிய அசர் (ASER) ஆய்வில், கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள். அந்த முறை எளிமையானது.

முதலில் ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தியைக் கொடுங்கள். சரளமாக வாசித்தால் இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை. பத்தியில் திணறினால் சொற்களுக்கு இறங்குங்கள்: பிள்ளைக்கு விருப்பமான ஐந்து சொற்களில் நான்கு சரியாக வர வேண்டும். அதுவும் முடியாவிட்டால் எழுத்துகள். பிள்ளை எந்தப் படியில் நிம்மதியாக நிற்கிறதோ அங்கிருந்து பயிற்சியைத் தொடங்குங்கள். கணக்குக்கு, கடன் வாங்கும் ஈரிலக்கக் கழித்தல் இரண்டு. சரியாகப் போட்டால் மூவிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கும் கணக்கு. இல்லாவிட்டால் எண்களை அடையாளம் காட்டச் சொல்லுங்கள்.

உங்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் கை பீடி சுற்றிக்கொண்டிருக்க, காது பிள்ளை வாசிப்பதைக் கேட்கலாம். முடிந்ததும், "கதையில் என்ன நடந்தது, சொல்லு" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் புரிந்து வாசித்திருக்கிறது.

படி 4: கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தம் என்று சொல்வது பெரும் பாவம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டையும் பார்க்கலாம்.

படி 5: ஆசிரியரிடம் கேளுங்கள்

"டீச்சர், என் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறான்? அதற்கு வகுப்பில் என்ன செய்யப் போகிறீர்கள்? வீட்டில் நான் என்ன செய்யட்டும்? அடுத்து எப்போது பார்ப்பீர்கள்?" இந்த நான்கு கேள்விகள் போதும். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

படி 6: பயிற்சி கொடுத்தும் நகரவில்லை என்றால்

வாரக்கணக்கில் முறையாகப் பயிற்சி கொடுத்தும் முன்னேற்றம் இல்லையென்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளி மதிப்பீட்டை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) என்று யாரும் முடிவு கட்ட முடியாது. அதற்குரிய நிபுணர்தான் சொல்ல வேண்டும். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கத் தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். போகும்போது மதிப்பீட்டுத் தாளோடு, பிள்ளையின் பழைய நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.